பையனுக்கு மருந்து கேட்காமல் போனது ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பி-செல் வகை அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக ஏ.எல்.எல். முதல் மாதத்திலேயே நோய் தணிந்தது. பையன் பள்ளிக்கும் போகத் தொடங்கினான். வீட்டில் மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டத்தில் இருந்தபோது, நோய் கண்டுபிடித்த 20-ஆம் மாதத்தில் எலும்பு மஜ்ஜையில் திரும்பிவிட்டது. "மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த எதிர்ப்பை முறிக்க மருந்து உண்டா என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஆரம்பத்திலேயே வீரியமான மருந்தாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டுமோ என்று அக்கா அழுதுகொண்டே இருக்கிறாள்." உங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ரத்தவியல் ஆய்வகத்தில் வேலை செய்யும் மருத்துவர். மஜ்ஜை ஸ்லைடுகளையும், செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓட்டி வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி படங்களையும் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. குழந்தைகளுக்குக் கீமோ எழுதிக் கொடுப்பவன் அல்ல. உங்கள் பையனின் அறிக்கை எதையும் நான் பார்க்கவில்லை. ஆகவே நோய் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்ல முடியும். அவனுக்கு இன்னதைக் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

அக்கா எதையும் கேட்டு வாங்கத் தவறவில்லை. மருந்துக்கு மசியாத செல்களில் பல, முதல் ஊசி போடுவதற்கு முன்பே உடலில் இருப்பவை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 1952-இல் லாயிட் லா என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளின் லுகேமியாவை வைத்து இதைக் காட்டிவிட்டார். ஒரே செல் வகையிலிருந்து தனித்தனிக் கூட்டங்களாக வளர்த்து, எல்லாவற்றையும் ஒரே மருந்துக்கு உட்படுத்தினார். மருந்துதான் எதிர்ப்பை உண்டாக்குகிறது என்றால் எல்லாக் கூட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு எதிர்ப்புச் செல்கள் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை, ஒரு கூட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் எண்ணிக்கை கன்னாபின்னாவென்று மாறியது. மருந்து கண்ணில் படுவதற்கு முன்பே, செல் பிரியும்போது தற்செயலாக விழுந்த பிழை அது என்பதற்கு அதுவே அடையாளம். 2008-இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் சார்ல்ஸ் முல்லிகன் குழுவினர், ஒரே குழந்தையின் முதல் மஜ்ஜையையும் நோய் திரும்பிய பின் எடுத்த மஜ்ஜையையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். திரும்பி வந்த செல்வகை, பெரும்பாலான குழந்தைகளிடம் முதல் நாளிலேயே சிறுபான்மையாக ஒளிந்திருந்தது, அல்லது முதல் நோய்க்கும் அதற்கும் ஒரே மூதாதைச் செல் இருந்தது.

இதில் ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். பராமரிப்புக் கட்டத்தில் கொடுக்கும் மெர்கேப்டோபியூரின் போன்ற மருந்துகள் டி.என்.ஏ.வில் தங்களுக்கே உரிய தழும்பை விட்டுச் செல்கின்றன. திரும்பிய நோயின் மரபணுவில் சில குழந்தைகளிடம் அந்தத் தழும்பைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே எதிர்ப்பு முழுக்க முழுக்க முன்பே இருந்தது என்று எல்லாக் குழந்தைக்கும் சொல்லிவிட முடியாது. சிலரிடம் சிகிச்சை நடக்கும்போதே விளைந்திருக்கலாம். அதற்காக அந்த மருந்தைக் கொடுக்காமல் இருந்திருக்கலாமா என்றால், கூடாது. அது இல்லாமல் நோய் திரும்பும் குழந்தைகள் இன்னும் அதிகம்.

"வீரியமான மருந்து" என்ற எண்ணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் மாதக் கீமோவை இன்னும் கடுமையாக்கினால் வெள்ளணுக்கள் அடியோடு இறங்கி, தொற்றிலேயே குழந்தை போய்விடும் ஆபத்து கூடும். 1980-களில் அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை நெறியைக் குழந்தைகளுக்குக் கடைப்பிடிக்கத் தொடங்கின. அந்த அனுபவத்தில் குழந்தைகளை இழந்ததற்கு நோய் திரும்பியது மட்டும் காரணம் அல்ல. தொற்றும், பாதியில் சிகிச்சையை நிறுத்தியதும் சேர்ந்தே காரணமாக இருந்தன. கீமோவின் அளவு குழந்தைக்குக் குழந்தை கணக்குப் போட்டு வைப்பது. கேட்டு வாங்கிக் கூட்டிக்கொள்ளும் சரக்கு அல்ல.

இப்போது எண்களைக் கொஞ்சம் பாருங்கள். நோய் "தணிந்தது" என்பதன் பொருள் விளங்கும். நோய் கண்டுபிடிக்கும் நாளில் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி லுகேமியா செல்கள் இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜையில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் இருந்தால் தணிந்தது என்று எழுதுகிறோம். அந்த நிலையிலும் ஆயிரம் கோடி செல்கள் மிச்சம் இருக்கக்கூடும். அதனால்தான் முதல் மாத முடிவில், மிச்சமிருக்கும் நோயைத் தேடும் எம்.ஆர்.டி. பரிசோதனை. ஃப்ளோ சைட்டோமெட்ரி திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. இயல்பான இளம் பி-செல்கள் முதிர முதிர செல்லின்மேல் அடையாளமாக நிற்கும் புரதங்களில் சி.டி.10 குறைந்து சி.டி.20 கூடும், புள்ளிகள் ஒரே வளைவில் வரிசையாகப் போகும். அந்த வளைவு எங்களுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி பழக்கம். லுகேமியா செல்கள் அதற்கு வெளியே, சி.டி.10 மிகுந்து, சி.டி.38 குறைந்து, ஒரு கொத்தாகத் தனித்து நிற்கும். ஐந்து லட்சம் செல்களை ஓட்டி அதில் ஐம்பது இப்படி நின்றால் 0.01 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் நெகடிவ் என்கிறோம். அப்போதும் உடலில் பத்துக் கோடி செல்கள் வரை இருக்க இடமுண்டு. பையனுடைய முதல் மாத எம்.ஆர்.டி. அறிக்கை கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது முடிவெடுக்கும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.

எதிர்ப்பு என்று ஒரே பெயரில் சொல்லப்படுபவை உண்மையில் வெவ்வேறு சங்கதிகள். மருந்து செல்லுக்குள் போய்ச் சேராமல் இருக்கலாம். போய்ச் சேர்ந்தும் செல் அதை வெளியே தள்ளலாம், அல்லது செயலிழக்க வைக்கலாம். மருந்து தன் வேலையைச் செய்து முடித்தும் செல் சாக மறுக்கலாம். எது நடந்தது என்று தெரியாமல் எதிர்ப்பை முறிக்க மருந்து கேட்பதில் பயன் இல்லை.

மெர்கேப்டோபியூரினையே எடுத்துக்கொள்கிறேன், பையன் தினமும் சாப்பிட்ட மாத்திரை என்பதால். விழுங்கும் வடிவத்தில் அது செல்லைக் கொல்லாது. செல்லுக்குள் போய் அங்குள்ள என்சைம்களால் மாற்றப்பட்டு, பாஸ்பேட் ஏறி, கடைசியில் டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றாக வேடமிட்டு உள்ளே நுழைந்த பிறகுதான் கொல்லும். எல்லாச் செல்லிலும் என்.டி.5.சி.2 என்றொரு என்சைம் உண்டு. மிதமிஞ்சிய பியூரின்களின் பாஸ்பேட்டைக் கழற்றி வெளியேற்றுவது அதன் வேலை. 2013-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒன்றைக் கண்டுபிடித்தன: திரும்பிய ஏ.எல்.எல். சிலவற்றில் இந்த என்சைம் திடீர் மாற்றத்தால் ஓயாமல் வேலை செய்கிறது. மருந்தின் பாஸ்பேட்டையும் கழற்றி வெளியே விட்டுவிடுகிறது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே திரும்பும் நோயில்தான் இது அதிகம் காணப்படுகிறது. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இந்த மாற்றம் உள்ள செல்கள் தங்களுக்கு வேண்டிய பியூரினையும் சேர்த்தே இழக்கின்றன. மருந்து இல்லாத இடத்தில் மற்ற செல்களைவிட மெதுவாக வளர்கின்றன. எதிர்ப்புக்கு அவையும் ஒரு விலை கொடுக்கின்றன. அந்தப் பலவீனத்தைக் குறிவைக்க ஆய்வகத்தில் முயன்றிருக்கிறார்கள். சிகிச்சையாக இன்னும் வரவில்லை. யாராவது வந்துவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது சங்கடமான விஷயம். அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியா குழுவினர் மாத்திரைப் புட்டியின் மூடியில், திறக்கும் ஒவ்வொரு முறையையும் பதியும் மின்னணுக் கருவி வைத்து, பராமரிப்புக் கட்டக் குழந்தைகளைக் கவனித்தார்கள். 2012-இல் வெளியான முடிவுப்படி, 95 சதவீதத்துக்குக் குறைவாகச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல். 95 சதவீதம் என்றால் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டுப்போவதுதான். நம் வீடுகளில் இது அலட்சியத்தால் நடப்பது குறைவு. பிளட் கவுண்ட் இறங்கியதாக அறிக்கை வந்ததும் அம்மாவே பயந்துபோய் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவைப்பாள். உண்மையில் அந்தக் கட்டத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் தாழ்த்தியே, பொதுவாக 500-க்கும் 1500-க்கும் இடையில், வைத்திருக்கத்தான் மருத்துவர் விரும்புவார். இன்னொரு பக்கம், என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் மாறுபாடு உள்ள குழந்தைகளுக்குச் சாதாரண அளவே தாங்காது. அவர்களுக்கு அளவைக் குறைப்பதுதான் சரி. இந்த மாறுபாடு ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம். அக்காவிடம் இதை விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். ஆனால் மருத்துவர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். மாத்திரை விட்டுப்போய் நோய் திரும்பியிருந்தால், அந்த மருந்துக்கு எதிர்ப்பு இல்லாமலும் இருக்கலாம். அதுகூட மருத்துவருக்கு உதவும் செய்திதான்.

இந்த நோய்க்குப் போடும் ஆஸ்பராஜினேஸ் ஊசியும் இப்படித்தான். அது பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் புரதம் என்பதால் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். சிலருக்குத் தடிப்பு, மூச்சுத் திணறல் என்று வெளியே தெரியும். சிலருக்கு எதுவும் தெரியாமல், போட்ட ஊசி ரத்தத்திலேயே வீணாகிப் போகும். ரத்தத்தில் அந்த என்சைமின் செயல்பாட்டை அளந்தால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். வேறு பாக்டீரியாவான எர்வினியாவிலிருந்து எடுத்த வகைக்கு மாற்றினால் மருந்து மறுபடி வேலை செய்யும். இங்கே லுகேமியா செல்லின்மேல் குற்றமே இல்லை. இந்த அளவீடு எல்லா ஊரிலும் நடப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இனி நீங்கள் கேட்ட "எதிர்ப்பை முறிக்கும் மருந்து". அப்படி ஒன்றை உலகம் நீண்ட காலம் தேடியது. 1976-இல் கனடாவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற செல்சவ்வுப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். வின்கிறிஸ்டின், டானோரூபிசின் போன்ற மருந்துகளைச் செல்லுக்குள் நுழைந்த வேகத்திலேயே வெளியே இறைத்துவிடும் பம்பு அது. பம்பை அடைத்துவிட்டால் எதிர்ப்பு ஒழிந்தது என்று படித்தவர்கள் எல்லாம் நம்பினோம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெராபமில், மாற்று உறுப்புக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், பிறகு இதற்கென்றே செய்த வால்ஸ்போடார், சோசுகிடார் என்று வரிசையாக முயன்றார்கள். பெரியவர்களின் அக்யூட் மைலாய்டு லுகேமியாவில் சைக்ளோஸ்போரின் வைத்து நடந்த ஓர் ஆய்வு பலன் காட்டியது. வால்ஸ்போடாரும் சோசுகிடாரும் பெரிய ஆய்வுகளில் கைவிட்டன. ஏன் என்று இன்று ஓரளவு விளங்குகிறது. அதே பம்பு குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளை ரத்தக்குழாயிலும் இருக்கிறது. அதை அடைத்தால் கீமோ மருந்து உடல் முழுக்கத் தேங்கி நச்சாகிறது. அளவைக் குறைக்க வேண்டியதாகிறது. அதோடு, சைட்டரபின் போன்ற முக்கியமான மருந்து இந்தப் பம்பு வழியே போவதே இல்லை. ஒரு கதவை மூடினால் செல்லுக்கு வேறு கதவுகள் இருந்தன. குழந்தைகளின் ஏ.எல்.எல்.லில் இந்தப் பம்பின் பங்கு எவ்வளவு என்பதே இன்றுவரை தெளிவாகவில்லை.

பலித்ததெல்லாம் வேறு மாதிரியானவை. எதிர்ப்போடு மல்லுக்கு நிற்காமல், அது காவல் இல்லாத பக்கமாகப் போன சிகிச்சைகள்தாம் குழந்தைகளைக் காப்பாற்றின. 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அந்த மருந்து வந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லி ஆய்வகத்திலிருந்து. தணிந்தது சில மாதங்களுக்குத்தான். ஒற்றை மருந்தை செல்கள் தாண்டிவிட்டன. 1960-களின் தொடக்கத்தில் எமில் ஃப்ரைரைக்கும் எமில் ஃப்ரையும் காசநோய்ச் சிகிச்சையைப் பார்த்து, வெவ்வேறு வழியில் தாக்கும் நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் கொடுத்தார்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் செல் லட்சத்தில் ஒன்று என்றால், நான்குக்கும் ஒருசேரத் தப்பும் செல் இருப்பது மிக அரிது. டோனால்டு பின்கெல், மருந்து நுழையாத மூளைப் பகுதியையும் சேர்த்துத் தாக்கினார். 1970 வாக்கில் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைத்தார்கள். எந்த எதிர்ப்பையும் யாரும் முறித்துவிடவில்லை.

உங்கள் பையனுக்கு இப்போது பேசப்படும் பிளினாடுமோமாப் இதே வழியில் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் ஒரு முனை லுகேமியா செல்லின்மேல் உள்ள சி.டி.19-ஐப் பிடிக்கும், மறுமுனை பையனுடைய சொந்த நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லைப் பிடித்து அருகே இழுத்து வரும். கொல்வது டி-செல். என்சைம் மாறியிருந்தாலும் பம்பு ஓடினாலும் இதற்குக் கவலை இல்லை. மருந்து ஏற்றும் சிறு கருவியில் பையை மாட்டி, 28 நாள் நிற்காமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் முதல் முறை திரும்பிய அதிக அபாயக் குழந்தைகள் 108 பேரில், மாற்று மஜ்ஜை (மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை) செய்வதற்கு முன் மூன்றாம் சுற்றுக் கீமோவுக்குப் பதில் இதைப் பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவில் நலமாக இருந்தோர் சுமார் 66 சதவீதம். கீமோ பெற்றவர்களில் 27 சதவீதம். நான் அறிந்தவரை மருந்து எதிர்ப்புக்கு இவ்வளவு தெளிவான பதில் இந்த நோயில் வேறு குறைவு. முதல் சிகிச்சையிலேயே இதைச் சேர்த்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2024 இறுதியில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது உண்மைதான். அதைப் படித்துவிட்டு அக்கா மறுபடி அழ வேண்டாம். பையனுக்குச் சிகிச்சை தொடங்கியபோது அது எங்கும் எல்லாருக்கும் கொடுக்கும் வழக்கமான முறையாக இருக்கவில்லை.

இதற்கும் எதிர்ப்பு உண்டு. சி.டி.19-ஐயே களைந்துவிட்டு வரும் செல்களை நாங்கள் பார்க்கிறோம். நோயாளியின் டி-செல்களையே ஆய்வகத்தில் மாற்றியமைத்து ஏற்றும் கார்-டி சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய குழந்தைகளில் பலருக்கு இதுதான் நடந்தது. அப்போது சி.டி.19-ஐ வைத்துத் தேடினால் திரை காலியாக இருக்கும், நோய் இல்லை என்று ஏமாந்துபோவோம், சி.டி.22, சி.டி.24, சி.டி.79ஏ ஆகியவற்றை வைத்துத் தேட வேண்டும். ஆகவே பிளினாடுமோமாப் பெற்ற பின் எம்.ஆர்.டி. அனுப்பும்போது, என்ன மருந்து போயிருக்கிறது என்று ஆய்வகப் படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று நீங்களே ஒரு பார்வை பாருங்கள். பல படிவங்கள் வெறுமையாக வரும். இந்தியாவில் ஐ.ஐ.டி. மும்பையும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை 2023-இல் அனுமதி பெற்றது. அந்த அனுமதி 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. ஒன்பது வயதுப் பையனுக்கு அதை வாங்கித் தருகிறேன் என்று வெளியாள் யாராவது சொன்னால், குழந்தைக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், "லுகேமியாவைப் பாஷாணம் (ஆர்சனிக்) குணமாக்கும், வேலூரிலேயே கொடுக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்பது வேறு நோய். அதற்கு ஆர்சனிக் டிரையாக்ஸைடைச் சீன மருத்துவர்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் அதை மட்டுமே கொடுத்து 72 பேருக்குச் சிகிச்சை அளித்து 2006-இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுப்புரதத்தில் பி.எம்.எல். என்ற பகுதியில் ஆர்சனிக் போய் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதத்தையே சிதைக்கிறது. உங்கள் பையனின் நோயில் அந்தப் புரதமே இல்லை. அவனுக்கு ஆர்சனிக் வெறும் விஷம். பச்சிலையோ பஸ்பமோ ஏற்கெனவே எதுவும் கொடுத்திருந்தால், திட்டு விழும் என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நடைமுறை. நோய் கண்டுபிடித்து 36 மாதங்களுக்குள் மஜ்ஜையில் திரும்புவதை முன்கூட்டிய திரும்பல் என்று வகைப்படுத்துகிறோம். அதில் கீமோவால் மட்டும் நிரந்தரமாகக் குணமாவது கடினம் என்பது ஓரளவு உறுதி. நோயை மீண்டும் தணித்து, எம்.ஆர்.டி.யை இயன்றவரை கீழே இறக்கி, மாற்று மஜ்ஜைக்குக் கொண்டுபோவதே இன்று பெரும்பாலான மையங்களின் வழி. பிளினாடுமோமாப் இருக்கும் காலத்தில் எல்லாருக்கும் மாற்று மஜ்ஜை வேண்டுமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தாமதமாகத் திரும்பியவர்களுக்குத் தவிர்க்கலாம் என்ற பக்கம் சாய்கிறார்கள். பையன் அந்தக் கூட்டத்தில் இல்லை. திரும்பிய மஜ்ஜையில் சி.டி.19, சி.டி.22 எவ்வளவு இருக்கிறது, முதல் அறிக்கையில் இல்லாத மரபணு மாற்றம் எதுவும் புதிதாக வந்திருக்கிறதா, முதுகுத்தண்டு நீரில் செல்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பிலடெல்பியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இருந்தால் அதற்கென்று மாத்திரைகளே உண்டு. பையனுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை முடிவு வரவே நாள் பிடிக்கும் என்பதால், நோய் தணியட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே அவர்களுக்கும் அக்காவுக்கும் மாமாவுக்கும் ரத்தம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பெற்றோரின் பாதிப் பொருத்தத்தை வைத்தும் இப்போது மாற்று மஜ்ஜை செய்கிறார்கள்.